தம்பியின் இரண்டு மொழிகள்

என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். அவன் சிறுபிள்ளையாயிருந்தபோது, "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும்" என்று ஒருவர் அம்மாவுக்கு ஆலோசனை சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அவனைத் தூக்கி வளர்த்த அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எங்கள் குடும்ப ஜெபமும் தமிழில்தான். தமிழை நிறுத்தினால் அந்த இரண்டிலும் அவனுக்குப் பங்கில்லாமல் போயிருக்கும்.

அம்மாவின் கவலைக்கு மறுமொழி கனடாவிலேயே இருந்தது. ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் கே-ரெயினிங் பேர்டும் அவருடைய குழுவினரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழியோடு வளருகிறவர்களையும், அதே வளர்ச்சி நிலையிலுள்ள, ஆங்கிலம் மட்டும் பேசி வளருகிறவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எங்கள் வீட்டில் தமிழ் நிலைத்தது.

இப்பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதை மனதில் வைத்திருப்பது கடினம். கண்ணால் பார்த்தது நன்றாய்ப் பதியும். இதுவும் ஆய்வுகள் காட்டியதே. ஞாயிறு பாடசாலையில் தம்பியின் ஆசிரியை இதை அறிந்து, படமும் பெரிய எழுத்தும் உள்ள அட்டைகளை வைத்துக் கற்பிக்கிறார். இன்று அவனுக்கு 11 வயது. இரவு ஜெபத்தில் அம்மம்மா சொல்லச் சொல்ல, ஆமென் வரை தமிழில் கூடவே சொல்லுவான்.

"சுகமாக்க முடியாததற்கு ஏன் ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கிறார்கள். தம்பியை வேறொருவனாக மாற்றுவதற்கல்ல. அவன் எப்படிக் கற்கிறான் என்று நாம் கற்றுக்கொள்வதற்கே. பேசத் தயங்கிய மோசேயைத் தேவன் ஒதுக்கிவிடவில்லை. ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். அறிவும் அப்படியொரு துணைதான்.

அன்பான வாலிபரே, மார்ச் 21 உலக டவுன் சின்ட்ரோம் தினம். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாயிருப்பதே இதன் காரணம் என்பதால் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டார்கள். அந்த வாரம் நம் வாலிபர் ஐக்கியத்தின் காணிக்கையை, இப்பிள்ளைகளின் கற்றலை ஆராய்கிறவர்களுக்கு அனுப்புவோம். ஆய்வில் பங்கெடுக்க ஒரு குடும்பத்துக்கு அழைப்பு வந்தால், படிவம் நிரப்பவும் மொழிபெயர்க்கவும் கூடப் போவோம். தமிழ்ப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தால்தான், தமிழ் வீடுகளின் கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைக்கும்.