வேங்கடத்தின் அடிவாரத்தில்

தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்று பண்டைப் புலவர்கள் வகுத்து வைத்தனர். அரசியல் வரைபடம் அவ்வாறு அமையவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆயினும் சித்தூர்க் கடைவீதியில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்க, மற்றவர் தமிழில் விடை சொல்ல, வாணிகம் இன்றும் குறைவின்றி நடக்கிறது. அவ்வூரிற் பிறந்த நமக்கு வேங்கடம் எல்லைக்கல் அன்று. நடந்து சென்று சேரும் இடம்.

நம் தந்தையார் புரட்டாசி தோறும் சித்தூரிலிருந்து திருமலைக்கு நடந்தே செல்வார். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சாலை. அதன்பின் அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். காலில் செருப்பு இராது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார், சிறுவராய் முதன்முதல் மலையேறியபோது செருப்போடு ஏறிக் களைத்து வீழ்ந்தார் என்பதும், தாயார் தோன்றி, “இம்மலை முழுதும் சாளக்கிராமம், காலணியைக் கழற்றி விட்டு ஏறு” என்று அறிவுறுத்தினார் என்பதும் வழிவழி வரும் செய்தி. இராமாநுசர் முழங்காலால் ஏறினார் என்று சொல்லப்படும் செங்குத்தான இடத்தில் இளைப்பாறும்போது தந்தையார் இதனை ஆண்டுதோறும் சொல்வார். நாமும் புதிதாய்க் கேட்பதுபோற் கேட்போம்.

பின்னாளில் அவரை நீரிழிவு பற்றியது. ஒரு புரட்டாசி நடையில் வலது பாதத்தில் முள் தைத்தது. அது தைத்ததே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள், விரிப்பிற் படிந்த கறையைக் கண்டு அன்னையார்தாம் வினவினார். இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அதன்பின் அவர் மலைக்கு நடக்கவில்லை. பேருந்தில் செல்வதைத் தரிசனமாகவே அவர் கருதியதும் இல்லை.

நாற்பத்தெட்டாம் வயதில் அந்நோய் நமக்கும் வந்தது. மருத்துவர் நம் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையொன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இடக்காற் பெருவிரலை அவர் தொட்டதாகப் பின்னர்த்தான் அறிந்தோம். “ஐயா, இனிமேல் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்காதீங்க. ஆனா நடக்காமலும் இருந்துடாதீங்க” என்றார். முதல் வாக்கியம் நம்மை மலைப்படியினின்று விலக்கியது. இரண்டாம் வாக்கியம்தான் சாலைக்கு அனுப்பியது.

வலியின்மையைப் பற்றி உலகிற்கு உரைத்த ஊர் சித்தூருக்கு அண்டையிலேயே இருப்பதை நம்மவர் பலர் நினைப்பதில்லை. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை என்று கண்டார். உணர்வற்ற கை சூடான பாத்திரத்தைப் பற்றுகிறது. உணர்வற்ற கால் ஆணியை மிதித்தபடியே நடக்கிறது. இரவில் எலி கடித்தும் விழிக்காது உறங்கியோர் உண்டென்று அறிந்து, வீடு திரும்புவோர் கையில் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினராம். நுண்துளை ரப்பரால் மெத்தென்ற செருப்புகளும் அங்கே உருவாயின. 1966-இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குச் சென்ற பிறகு, அவ்வறிவையே நீரிழிவாளரின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார். வலியை அவர் ஒரு கொடை என்றே கருதினார். எந்தை முள் தைத்ததை அறியாமல் நடந்த கதை தெரிந்த நமக்கு, அக்கூற்றை ஏற்கத் தயக்கம் எழவில்லை.

முதலில் நடை, பிறகு விளக்குக் கம்பத்திற்கு விளக்குக் கம்பம் ஓட்டம், பதினெட்டுத் திங்கள் கழித்துத் திருப்பதியில் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தோம். சிங்கப்பூரிலும் சிகாகோவிலும் வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இஃதொரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. நமக்கு அன்று. காலை இரண்டு இட்டிலி, விரல் நுனியிற் சர்க்கரைச் சோதனை, சட்டைப்பையில் குளுக்கோசுப் பொட்டலம், தையல் உறுத்தாத காலுறை, காலணியைத் தலைகீழாய்த் தட்டி உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தல் என்று, மணமகனை ஒப்பனை செய்வதுபோல அரை மணி நேரம் கழிந்தது.

ஆறு மணிக்குக் கபில தீர்த்தத்தின் அருகிலிருந்து புறப்பட்டோம். மலையடிவாரச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் சென்று திரும்ப வேண்டும். 90 நிமிடத்திற்குள் முடிக்காதோர்க்குப் பதக்கம் இல்லை. இளைஞர் கூட்டம் முதல் வளைவிலேயே மறைந்தது. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அரி சந்த் இதே தொலைவை வெறுங்காலோடு 28 நிமிடம் 48 விநாடியில் ஓடியதும், அது 32 ஆண்டுகள் இந்தியச் சாதனையாய் நின்றதும் நினைவிற்கு வந்தன. அவருடைய பாதங்கள் தடத்தின் ஒவ்வொரு மணலையும் அறிந்திருக்கும் என்றெண்ணியபோது, அவ்வேகத்தின்மீது அன்று, அப்பாதங்களின்மீதே நமக்குப் பொறாமை உண்டாயிற்று.

அலிபிரியை நெருங்கும்போது இரு வேறு கூட்டங்கள் கலந்தன. மொட்டைத் தலையிற் சந்தனம் பூசியோர், மூட்டை சுமந்தோர், மஞ்சள் ஆடைப் பெண்டிர் எனப் படியேறச் செல்வோர் ஒருபுறம். மார்பில் எண் குத்திய நாம் ஒருபுறம். அவர்களிற் பெரும்பாலோர் வெறுங்காலினர். ஆர்க்காட்டுப் பேச்சு வாடையில் ஒரு மூதாட்டி, “ஏம்பா, சாமி மேலேயேதான் இருக்கும், எங்கேயும் போயிடாது; மெதுவா போயேன்” என்றார். “நான் மேலே வரலைம்மா” என்றோம். அவர் நம் காலணியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு விடை கூற அப்போது மூச்சு இல்லை. இருந்திருந்தாலும் கூறியிருப்போமா என்பது ஐயமே.

திரும்பும்போது 40 நிமிடம். ஏழாம் கிலோமீட்டரில் வலது குதிகாலில் எரிச்சல் எழுந்தது. பிறர் முகஞ்சுளிக்கும் இடம் அது. நாமோ ஒவ்வோர் அடியிலும் அதனைத் தேடி, இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே ஓடினோம். அச்சம் இடக்காலைப் பற்றியது. அங்கே ஒன்றும் தெரியவில்லை. நலமாய் இருப்பதால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; கிழிந்திருந்தும் தெரியாமல் இருக்கலாம். நின்று கழற்றிப் பார்த்தால் 90 நிமிடம் கடந்துவிடும். தந்தையார் நிற்கவில்லை. நாம் நின்றோம். சாலையோரக் கல்லில் அமர்ந்து இடக்காலுறையைக் கழற்றிப் பார்த்தோம். தோல் முழுமையாய் இருந்தது. தண்ணீர் கொடுத்து நின்ற மாணவன் ஓடிவந்து, “ஏமைந்தி அங்கிள்?” என்று பதறினான். “ஒன்றுமில்லை தம்பி, ஒன்றுமில்லை” என்றோம்; அவனுக்கும் தமிழ் புரிந்தது.

முடிவுக்கோட்டை 88 நிமிடத்திற் கடந்தோம். அங்கே காத்திருந்த மகள் பதக்கத்தைப் பார்க்கவில்லை. “உட்காருங்கப்பா, காலைக் காட்டுங்க” என்று கைக்கண்ணாடியைப் பாதத்திற்கு அடியிற் பிடித்தாள். வலது குதிகாலில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சிவப்பு. இடக்காலில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து முடித்தபின் புதுக் காலுறையை அவளே மாட்டிவிட்டாள். பதினொரு மணிச் சித்தூர்ப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.