சரிக்கா

எதிரணியை மடக்கத் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. நம் கழகத்துச் சொற்போர் அணியில் இரண்டு ஆண்டுகள் இருந்தவள் அல்லவா? அந்தக் கர்வத்தோடுதான் 2023 நீண்ட விடுமுறையில் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தீபாவளி வியாபாரத்துக்காகத் தற்காலிகமாக எங்களில் சிலரை எடுத்திருந்தார்கள். மாதம் 1,500 வெள்ளி.

சேலைப் பகுதியில் என்னோடு நின்றவர் ஓர் அக்கா. வயது ஐம்பதை நெருங்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவர். எதைச் சொன்னாலும் மறுப்பார். நான் ‘மாம்பழ மஞ்சள்’ என்றால் அது ‘எலுமிச்சை’ என்பார். வாடிக்கையாளர் ‘எலுமிச்சை மஞ்சளில் காட்டுங்கள்’ என்று கேட்டால், ‘அது மாம்பழங்க’ என்பார்! சேலையை மடிக்கும் முறை, விலைச்சீட்டு ஒட்டும் இடம், மதியச் சாப்பாட்டுக்கு யார் முதலில் போவது, எல்லாமே வழக்குதான்.

ஒருநாள் குயின் தெரு மாரியம்மன் கோயில்தான் பினாங்கிலேயே பழமையானது என்றார். அந்தக் கோயில் 1833-இல் கட்டப்பட்டது, பக்கத்திலேயே இருக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 1801 என்று நான் ஆதாரத்தோடு சொன்னேன். சொற்போராக இருந்தால் புள்ளி எனக்குத்தான். அக்கா அசரவில்லை. “சாமி வந்த வருசம் வேற, கோயில் கட்டுன வருசம் வேற, தங்கச்சி. நீ கட்டடத்தைச் சொல்ற, நான் சாமியைச் சொல்றேன்.” இதற்கு என்ன மறுப்பு சொல்வது? கடையில் நடுவரும் இல்லை, நேரம் முடிந்தது என்று மணியடிக்க ஆளும் இல்லை.

இருவருக்கும் வீடு பட்டர்வொர்த் பக்கம் என்பதால் வாதம் கடையோடு முடியாது, பெர்ரியிலும் தொடரும். அந்த ஆகஸ்டில்தான் புதிய பெர்ரிகள் ஓடத் தொடங்கியிருந்தன. குளிரூட்டியும் நாற்காலியுமாக எனக்குச் சுகமாக இருந்தது. அக்காவுக்கு ஆகவில்லை. “காத்து இல்லாத பெர்ரி ஒரு பெர்ரியா?” என்று, காரையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிய பழைய பெர்ரியின் பெருமையைக் கரை சேரும் வரை பேசுவார்.

களைத்துப் போய் ஓர் உத்தியைக் கையாண்டேன். எது சொன்னாலும் “சரிக்கா.” மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார். “சரிக்கா சரிக்கான்னு என் வாயை அடைக்கிறியா? தப்புன்னா தப்புன்னு சொல்லேன்!” என்று அதற்கும் ஒரு சண்டை. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

செப்டம்பர் 16, மலேசிய தினம். கடை திறந்திருந்தது, எல்லாரும் வேலை செய்தோம். அன்று பெர்ரியில் அக்கா, “பொது விடுமுறைக்கு வேலை செஞ்சா கூடுதலா ரெண்டு நாள் சம்பளம் உண்டுன்னு ரேடியோவுல சொன்னாங்க. நீ மலாய், இங்கிலீஷ் எல்லாம் படிச்சவ. பார்த்துச் சொல்லு” என்றார். இரவே கைப்பேசியில் தேடிப் படித்தேன். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. வழக்கமான விடுமுறைச் சம்பளம் போக, இரண்டு நாள் சம்பளம். கட்டாயம் தரவேண்டிய ஐந்து விடுமுறைகளில் மலேசிய தினமும் ஒன்று. மறுநாளே அக்காவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை அக்கா முதலாளியிடம் கேட்டார். முதலாளி கோபப்படவில்லை, சிரித்தார். “அதெல்லாம் நிரந்தரமா வேலை செய்றவங்களுக்கும்மா.” அக்கா விடவில்லை. குரல் உயர்ந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் வேறு இருந்தார்கள். சட்டென்று முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ படிக்கிற பொண்ணு. நீயே சொல்லும்மா, அப்படிச் சட்டம் இருக்கா?”

“தெரியலைங்க, முதலாளி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா, கூச்சமா? தமிழ்ப்பள்ளியில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது வகுப்பில் நாங்கள் தமிழர் மூன்றே பேர். ஆசிரியர் கேட்டால் பதில் தெரிந்தாலும் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் இவ்வளவு நாள் கழித்தும் மறக்கவில்லை. மேடையில் பேசியதெல்லாம் யாரோ கொடுத்த தலைப்புக்கு, யாரோ ஒதுக்கிய பக்கத்துக்குத்தானே!

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் நான் ஒரு சேலையை ‘மாம்பழ மஞ்சள்’ என்று எடுத்து வைத்தேன்.

“சரி, தங்கச்சி” என்றார்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. பெர்ரியில் பக்கத்தில்தான் உட்காருவார். “இன்னைக்குக் கூட்டம் அதிகம், இல்லக்கா?” “சரி, தங்கச்சி.” நான் விரும்பிய அமைதி கிடைத்துவிட்டது. பத்து நிமிடப் பயணம், கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சம்பளத்துக்குச் சில நாள் முன்பு, கடை மூடும் நேரத்தில் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்கு எழுதினேன். 1,500-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 57 வெள்ளி 69 சென். இரண்டு நாளுக்கு 115 வெள்ளி 38 சென். கீழே சட்டப் பிரிவின் எண், 60டி. முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். “அன்னைக்குத் தெரியலைன்னு சொன்னது பொய்ங்க, முதலாளி. எனக்குத் தெரியும். தற்காலிகமா வேலை செய்றவங்களுக்கும் உண்டு.” கை நடுங்கியது. அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். “கணக்கரைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் எங்கள் உறையில் அந்தப் பணம் இருந்தது.

அன்று பெர்ரியில் அக்கா உறையைப் பிரித்து எண்ணினார். பிறகு என் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“இது என்ன இருபத்தாறு? மாசத்துக்கு முப்பது நாளு இல்ல?”

“சட்டத்துல இருபத்தாறுதான்க்கா. முப்பதால வகுத்தா உங்களுக்குத்தான் நட்டம். நூறு வெள்ளிதான் வரும்.”

“நட்டமோ லாபமோ, மாசத்துக்கு முப்பது நாளுதானே? பிப்ரவரிக்கு என்ன பண்ணுவாங்க?”

“தப்புக்கா” என்றேன். அக்கா நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பட்டர்வொர்த் கரை வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் பிப்ரவரி முடியவில்லை.