31ஆம் நாளுக்குப் பின்

கணவனை இழந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தால், "இவளுக்கு இன்னும் என்ன சிரிப்பு?" என்று கேட்பதற்கு எங்கள் ஊர்களில் ஆள் இருக்கிறது. அதே பெண் ஐந்து வருடம் கழித்து ஒரு பின்னேரம் அழுதுகொண்டிருந்தால், "இன்னுமா அழுகிறாய்? பிள்ளைகளின் முகத்தைப் பார்" என்று சொல்வதற்கும் ஆள் இருக்கிறது. பல வேளைகளில் இரண்டையும் சொல்பவர் ஒருவராகவே இருப்பார். எவ்வளவு அழலாம், எவ்வளவு சிரிக்கலாம் என்பதைக் கூப்பன் அரிசி போல மற்றவர்கள் அளந்து கொடுக்க, நாம் வாங்கிக்கொண்டு போகிறோம். திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், சம்பூர், கிண்ணியா, குச்சவெளி என்று கிராமம் கிராமமாகப் பெண்களோடு வேலை செய்துவரும் எனக்கு, வறுமைக்கு அடுத்தபடியாக எங்கள் பெண்களை வருத்துவது இந்த அளவுகோல்தான் என்று தோன்றுவதுண்டு.

மகிழ்ச்சி நல்லது, துக்கம் கெட்டது, ஆகவே துக்கத்தை விரைவாகத் துரத்திவிட வேண்டும் என்ற எண்ணம் எம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. சுனாமிக்குப் பின்னரும் யுத்தத்துக்குப் பின்னரும் எங்கள் கடற்கரைக் கிராமங்களில் நடத்தப்பட்ட பயிற்சிகள் எத்தனை! அவற்றுள் பல நன்மை செய்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வட்டமாக நிற்கவைத்து, கையைத் தட்டி, "கவலையை மறந்து சிரியுங்கள்" என்று சொல்லித்தந்தவையும் இருந்தன. அப்படியான ஒரு பயிற்சி முடிந்து திரும்பும்போது, சல்லிக் கிராமத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, சிரிக்கிறதுக்கு எனக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. இருந்து அழுறதுக்குத்தான் ஒரு இடம் கிடைக்கேல்ல." அவர் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர் அவர். 2004 டிசம்பர் 26க்குப் பின்வந்த நாட்களில் உடல்களைக் கூட்டாகவே புதைக்க வேண்டியிருந்தது. அவசரம், நோய் பற்றிய பயம், யாருடைய பிள்ளை எங்கே என்று தெரியாத நிலை. எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை.

எங்கள் முன்னோர் துக்கத்தை நோயாகக் கருதவில்லை என்றே நினைக்கிறேன். அதை ஒரு வேலையாகக் கருதி, அதற்கு நாளும் இடமும் ஒதுக்கி வைத்தார்கள். சைவக் குடும்பங்களில் செத்தவீடு, காடாத்து, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம். இதில் ஒவ்வொரு நாளும் ஒரு படி. ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிகள் கட்டிப்பிடித்து அழ வைப்பார்கள். அழாமல் விறைத்துப்போய் இருக்கும் பெண்ணைத்தான் அவர்கள் முதலில் தேடி வருவார்கள். அயல்வீட்டார் சமைத்துக் கொண்டுவருவார்கள். கத்தோலிக்கருக்கு 7ஆம் நாள், 31ஆம் நாள் பூசைகளும், ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் வழக்கமும் உண்டு. சிங்களச் சகோதரிகளுக்கு 7ஆம் நாள் பணயும், மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் தானமும் இருக்கின்றன. முஸ்லிம் பெண்ணுக்குக் கணவன் மரணித்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. கர்ப்பிணியாயின் பிள்ளை பிறக்கும் வரை.

இத்தாவை வெறும் கட்டுப்பாடு என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. கூலி வேலையை நம்பி வாழும் பெண்ணுக்கு அது பெரும் நெருக்கடியாகலாம் என்பதும் உண்மை. ஆனால் கிண்ணியாவில் ஒரு ராத்தா சொன்னது மனதில் நிற்கிறது: "இத்தா இருக்கக்குள்ள ஒருத்தரும் என்ன அங்க போ, இங்க வா எண்டு சொல்லல்ல. அழுறதுக்கு லீவு தந்த மாதிரி இருந்திச்சு." அந்த லீவுக்கு ஒரு கடைசி நாள் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அது முடிந்ததும் அவர் வெளியே வரலாம், விரும்பினால் மறுமணம் செய்யலாம். மார்க்கமே அதற்கு இடம் தருகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்கைம் 1912இல் வெளியிட்ட சமயம் பற்றிய நூலில், துக்கம் காப்பது தனிமனிதனின் உணர்ச்சி தானாகப் பொங்குவது மட்டுமல்ல, அது சமூகம் தன் உறுப்பினர் மீது சுமத்தும் ஒரு கடமை என்று எழுதினார். கூடி அழும்போது குழு தன் பலத்தைத் திரும்பப் பெறுகிறது என்பது அவர் கருத்து. பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். விளங்கிக்கொண்டது கன்னியாவில்.

கன்னியா வெந்நீரூற்று திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் வீதிப் பக்கமாக ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் உள்ளது. ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு சூடு. இராவணன் தன் தாய்க்கு அந்தியக் கிரியை செய்வதற்காக ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தி நீர் வரச் செய்தான் என்பது ஐதீகம். பத்துத் தலை கொண்ட அரக்கன் என்று ஊரெல்லாம் சொல்லும் ஒருவனை, எங்கள் ஊர்க்கதை தாய்க்காக அழுத மகனாக நினைவு வைத்திருக்கிறது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் மக்கள் அங்கே சென்று 31ஆம் நாட் கிரியை செய்து வந்தனர். அந்த இடத்தின் உரிமை பற்றிய பிணக்கு பிற்காலத்தில் வளர்ந்து, 2019 யூலையில் மக்கள் அங்கே திரண்டு குரல் கொடுக்க வேண்டியும் வந்தது. துக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பது எவ்வளவு அடிப்படையான தேவை என்பதற்கு வேறு சான்று தேடத் தேவையில்லை.

யுத்தம் எங்களிடமிருந்து பறித்தவற்றில் இந்த நாட்கணக்கும் ஒன்று. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மீது குண்டுகள் விழத் தொடங்கின. அந்த வருடத்திலேயே மக்கள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு நடந்தார்கள். 2007 மே மாதத்தில் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடங்கள் கழிந்தன. 2015இலும் 2016இலும்தான் காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்ப முடிந்தது. ஓடும் வழியில் இறந்தவர்களைக் கிடைத்த இடத்தில் மண்ணைத் தோண்டி வைத்துவிட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். நடக்கும்போது அழ முடியாது, பிள்ளை இடுப்பில். முகாமில் அழ முடியாது, அடுத்த குடும்பத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு தரப்பாள்தான். பிறகு கூலி வேலை, நிவாரண வரிசை, பள்ளிக்கூடம். தொடக்க நாள் இல்லாத துக்கத்துக்கு 31ஆம் நாள் எப்படி வரும்?

கிளிவெட்டி முகாமின் கடைசிக் காலத்தில் எனக்கு அறிமுகமான அக்கா ஒருவர் அப்படி நடந்தவர்களுள் ஒருவர். கணவனை வழியிலே புதைத்தபோது மகளுக்கு ஒரு வயது. நான் கண்ட காலத்தில் அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்பார். ஊர் திரும்பிய பின், 2016இல் ஒரு நாள் தானாகவே வந்து, "தங்கச்சி, அவருக்கு அந்தியேட்டி செய்ய வேணும். பத்து வருசம் பிந்தினாப் பிழையோ?" என்று கேட்டார். ஐயரிடம் விசாரித்தோம். திதி தெரிந்தால் போதும் என்றார். வான் ஒன்று பிடித்து, மாமியார், கொழுந்தன், மகள், சங்கத்துப் பெண்கள் சிலர் என்று கன்னியாவுக்குப் போனோம்.

கிரியை முடிந்து குளிக்கப் போன நேரத்தில், சுற்றுலா வந்த ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் அடுத்த கிணறுகளைச் சூழ்ந்து, சூடு சூடு என்று கத்திக்கொண்டு ஆளுக்காள் நீரை ஊற்றி விளையாடினார்கள். எங்களோடு வந்த ஒருவர் அவர்களை அதட்டப் போனார். "விடுங்கோ, பிள்ளையள்தானே" என்று அக்காதான் தடுத்தார். பிறகு தன் மகளைக் கூப்பிட்டுத் தலையில் வெந்நீரை ஊற்றினார். தகப்பன் முகமே தெரியாத அந்தப் பிள்ளை சூடு பொறுக்காமல் துள்ளிச் சிரித்தது. தாய் அப்போதுதான் அழத் தொடங்கினார். வான் ஏறும் வரை அழுதார். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

காணாமற் போனவர்களின் மனைவிமாருக்கு இந்தப் பாதையும் அடைக்கப்பட்டிருக்கிறது. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் அவரை நீயே கொன்றுவிட்டாயா என்று உள்ளுக்குள்ளே ஒரு கேள்வி. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், "இறந்துவிட்டார்" என்று ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி உண்டு. வங்கி, காணி போன்ற அலுவல்களுக்கு அது உதவுகிறது. மனதுக்கு அப்படியொரு சான்றிதழ் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் உறவினர்கள் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கியதன் பின் எங்கள் மாவட்டத்துத் தாய்மாரும் படங்களோடு வீதிக்கு வந்தார்கள். அந்தத் துக்கத்தை "மறந்துவிடு" என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அது உண்மையைக் கேட்கும் துக்கம். அந்தத் தாய்மாருக்கு மத்தியிலே தேத்தண்ணி வந்ததும் எவ்வளவு பகிடி, எவ்வளவு நக்கல்! முதல் நாள் பார்த்தவர்கள் திகைத்துத்தான் போவார்கள். படத்தை மடியில் வைத்துக்கொண்டே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பினால் மகனுடைய படம் கொஞ்சமும் மங்கிவிடவில்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். துக்கம் வேறு, மனநோய் வேறு. வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால், அது தனியே தாங்க வேண்டியதல்ல. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகிழ்ச்சியின் பக்கத்துக்கு வருவோம். இறந்தவருக்கான துடக்கு 31ஆம் நாள் கழிகிறது. வீடு கழுவி, விளக்கேற்றி, எல்லோரும் தத்தம் அலுவலுக்குப் போய்விடுகிறார்கள். மனைவிக்கு மட்டும் துடக்குக் கழிவதில்லை. அவள் கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்கக்கூடாது, ஆலாத்தித் தட்டைத் தொடக்கூடாது, நல்ல காரியத்துக்குப் புறப்படுபவரின் எதிரே வரக்கூடாது. இதை எந்தத் திதியும் விதிக்கவில்லை, மனிதர் விதித்தார்கள். யுத்தத்தின் பின்னர் சில குறிச்சிகளில் வீட்டுக்கு ஒரு கைம்பெண் என்ற நிலை இருக்கும்போது, மங்கல காரியத்துக்குச் சுமங்கலி தேடி அலையும் எங்கள் பிடிவாதத்தை என்னவென்பது!

அந்த அக்காவின் மகள் 2018இல் பெரிய பிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு ஊரெல்லாம் சொல்லி, பந்தல் போட்டு, பலகாரம் சுட்டது முழுக்கச் சங்கத்துப் பெண்கள்தான். பகல் முழுவதும் அக்கா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஆலாத்தி எடுக்கும் நேரம் வந்தது. வாழைப்பழத் துண்டுகளில் திரி கொளுத்திய தட்டோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். மாமியார் எழும்பிப் போய் ஒரு தட்டை வாங்கி, குசினி வாசலில் நின்று, "பெத்தவள் நீ இருக்க வேற ஆர் எடுக்கிறது? வா" என்றார். மகனைப் பறிகொடுத்தவர் அவர். அவரை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார். தட்டு நடுங்கியது, ஒரு திரி அணைந்தது, யாரோ மறுபடி கொளுத்தினார்கள். மகள் சேலைப் பாரத்தில் நெளிந்துகொண்டு தாயைப் பார்த்துச் சிரித்தாள். தாயும் சிரித்தார், அழுதும்கொண்டிருந்தார். தகப்பனின் பெயரைச் சொல்லி மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் கூடியிருந்த பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். வீடியோக்காரப் பொடியன் என்ன செய்வதென்று தெரியாமல் கமராவைக் கீழே இறக்கிவிட்டான்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லமாட்டேன். கணவன் வழியில் தூரத்து உறவான ஒரு குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகு நெடுநாள் கோயிலில் கண்டாலும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அக்காவுக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஒரு மாதம் கழித்துச் சீட்டுக்காசு கட்ட வந்தபோது அதைப் பற்றிச் சொன்னார். "ஆறு சாப்பாடு மிஞ்சிப் போச்சு தங்கச்சி. வீணாக்கேலாதே, அடுத்த நாள் விடியப் பழஞ்சோறாக் குழைச்சு மாமியும் நானும் மகளும் இருந்து திண்டம்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார்.