பேசாதிருந்த பெட்டி

ஒரு பொருள் பழுதுபட்டால் அதற்குக் காரணமானவர் ஒருவரையும் உடனே தேடுவது மனித இயல்பு. கை தவறிக் கெட்டதா, காலம் அரித்துக் கெட்டதா என்று ஆராயும் பொறுமை பலருக்கு வாய்ப்பதில்லை. கடைசியாகத் தொட்டவனே குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிடுகின்றனர். சில வேளைகளில் அத்தீர்ப்பை எழுதுபவனும் கடைசியாகத் தொட்டவனேயாக அமைந்துவிடுகின்றான்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் வீட்டில் ஐந்து வால்வுகள் கொண்ட பழைய வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. தேக்கு நிற மரக்கூடு. முகப்பில் நகரங்களின் பெயர்கள் பொறித்த கண்ணாடி. அவருடைய தந்தையார் தம் முதற் சம்பளங்களைச் சேர்த்து வாங்கியது அது. 1990 மே மாதத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த அவர், தந்தையார் இல்லாத வேளையில் அதன் பின்தட்டைக் கழற்றி, பேனாக்கத்தியினால் உள்ளேயிருந்த திருகாணிகள் இரண்டைத் திருகிப் பார்த்தார். அன்று மாலை பெட்டி கரகரத்தது. சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. பெட்டியைத் திருத்தும் பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

பின்வந்த ஆண்டுகளில் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தமையால், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் சிறிய திரான்சிஸ்டர் வானொலியை இயக்கிச் செய்தி கேட்பது வழக்கமாயிற்று. அவ்வீட்டில் இரவுதோறும் மிதியைச் சுற்றியவன் அச்சிறுவனே. கை சோர்ந்தால் செய்தி மங்கும். ஆகவே அவன் சோரவில்லை. அதனைத் தன் குற்றத்துக்கான கழுவாயாக அவன் எண்ணியிருந்தான் என்பது தந்தையாருக்குத் தெரியாது. 1995 ஒக்டோபரில் ஊரே பெயர்ந்தபோது பெட்டி சாக்கினாற் சுற்றப்பட்டுக் களஞ்சிய அறையிற் கிடந்தது. திரும்பி வந்தபோதும் கிடந்தது. தந்தையார் 2004இல் மறைந்தார். ஓமின் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் அப்பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் அதனைத் திறந்தார்.

நெடுங்காலம் உறங்கிய வால்வு வானொலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தல் ஆகாது. வலுவழங்கியில் உள்ள மின்பகுப்புக் கொள்ளளவிகள் உலர்ந்திருக்கும். அவற்றிற் குறுஞ்சுற்று இருப்பின் நிலைமாற்றியே எரிந்துபோகும். ஆகவே அறுபது வாற்று இழைமின்குமிழ் ஒன்றைப் பெட்டியோடு தொடராக இணைத்தல் வேண்டும். குமிழ் முழு ஒளியோடு எரிந்துகொண்டேயிருந்தால் உள்ளே குறுஞ்சுற்று உண்டு என்பது பொருள். ஒளிர்ந்து பின் மங்கினால் அஞ்சவேண்டியதில்லை. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் இப்பணிக்கு உதவா. பழைய குமிழைத் தேடவே அவருக்கு இரண்டு நாட்கள் சென்றன. குமிழ் ஒளிர்ந்து மங்கியது. வால்வுகளின் இழைகள் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தன. ஒலியோ எழவில்லை.

மின்னைத் துண்டித்து, கொள்ளளவிகளில் எஞ்சி நின்ற ஏற்றத்தைத் தடையொன்றின் வழியே வெளியேற்றிய பின், பல்மானியோடு ஒவ்வொரு பகுதியாக அளந்தார். வருவிளைவு வால்வான ஈ.எல். 84இன் கதோட்டுத் தடை 150 ஓம் காட்டவேண்டியது. அது கருகி அறுந்திருந்தது. தடை தானாகக் கருகுவதில்லை. அதற்கு முந்திய வால்விலிருந்து ஒலிக்குறியை மட்டும் கடத்தி, உயர் வோல்ற்றளவைத் தடுத்து நிற்கவேண்டிய சிறு மெழுகுத்தாட் கொள்ளளவி கசிந்திருந்தது. அக்கசிவினால் நெய்யரி நேரேற்றம் பெற, வால்வு அளவுக்கு மீறிய ஓட்டத்தை இழுத்தது, குரல் கரகரத்தது, ஈற்றில் தடை எரிந்தது. ஈரமும் வெப்பமும் மெழுகுத்தாளை ஆண்டுக்கணக்கில் அரித்ததன் விளைவு இது. ஒரு பிற்பகலில் நிகழக்கூடியதன்று.

ஆயினும் அவர் தேடியது வேறொன்று. இடைநிலை மீடிறன் நிலைமாற்றிகளின் உட்கருக்களைத் திருகினால் வானொலியின் செவியே மந்தமாகிவிடும் என்பதை அவர் பிற்காலத்தில் நூல்களிற் படித்திருந்தார். தாம் அன்று திருகியவை அவையே என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தார். நான்கு உட்கருக்களின் மீதும் தொழிற்சாலையில் இட்ட செம்மெழுகு சிறிதும் கீறலின்றி இருந்தது. கத்தி பட்ட தழும்புகள், நிலைமாற்றியின் கூட்டைத் தகட்டோடு பொருத்தும் இரண்டு வெறுந்திருகாணிகளில் இருந்தன. அவற்றைத் திருகுவதால் எதுவும் கெடுவதில்லை.

கொள்ளளவிகளையும் தடையையும் மாற்றிப் பற்றாசு பிடித்தார். மற்றெதனையும் தொடவில்லை. மாலையில் முள்ளைச் சிற்றலையில் இலண்டனை நோக்கி நகர்த்தினார். அங்கிருந்து வந்த தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டதை அறிந்திருந்தும் கை பழக்கத்தில் அங்கே சென்றது. வெறும் இரைச்சல். மத்திய அலைக்கு மாற்றியதும் கடலுக்கு அப்பாலிருந்து தமிழ்ப் பாடலொன்று தெளிவாக எழுந்தது.

அடுக்களையிலிருந்து தாயார் மெல்ல வந்து கதவடியில் நின்றார்.

“கரகரப்பு இல்லை,” என்றார். “அந்த வருசம் தைப்பொங்கலுக்கே கரகரக்கத் தொடங்கினது. உள்ளை ஏதோ பழுது, திருத்தக் குடுக்கவேணும் எண்டு அப்பா அப்பவே சொன்னவர்.”

“நான் திறந்து பழுதாக்கினது எண்டெல்லோ நினைச்சிருந்தன், அம்மா.”

“நீ திறந்தது அப்பாவுக்குத் தெரியும் தம்பி. பின்தட்டைத் தலைகீழாப் பூட்டியிருந்தாய். பொடியனுக்கு உதிலை நாட்டமிருக்கு, படிப்பிக்கவேணும் எண்டுதான் சொன்னவர். உன்னாலை பழுதானதெண்டு ஆர் சொன்னது?”

ஒருவரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. கேட்டிருந்தால் ஒரு சொல்லில் தீர்ந்திருக்கவேண்டியதை மிதியைச் சுற்றிய அத்தனை இரவுகளிலும் அவர் கேட்கவில்லை. அருகிலிருந்து செய்தி கேட்டவரும் கேளாததற்கு விடை சொல்லவில்லை.

பின்தட்டை எடுத்து, இம்முறை மேல் கீழ் பார்த்து, அவர் நேராகப் பூட்டினார். பாட்டு நிற்கவில்லை.