பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு ஒரு வழி



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலர் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றியது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. உங்களில் எத்தனையோ பேர் வாங்கினீர்கள். ஆரம்பத்தில் வந்த பெட்டிகளில் பொத்தானை அழுத்தினால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். இந்த பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. காசு கிடையாது. யாரும் நகல் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் "அதுக்குள்ள போனா ஒண்ணும் புரியல சார்" என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 போன்ற வசதிகள் அந்தக் காலத்துப் பெட்டிகளில் இல்லை. ஓடுகிற கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. நம்மூரில் தறி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டில் புதுக் கணினி வாங்குவது லேசான காரியமா? செல்போனை வைத்துப் பாடம் கேட்கலாம். நாலு பக்கக் கட்டுரை அடிக்கவோ நிரல் எழுதிப் பழகவோ விசைப்பலகை வேண்டும்.

அதனால் கொஞ்ச நாளாக, தெரிந்தவர்கள் கொண்டுவரும் பழைய பெட்டிகளில் பாஸ் அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்து வருகிறேன். இரண்டுமே நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் புதிதாக உட்காரும் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை உருவாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, தமிழ்த் தட்டச்சு. இன்று லினக்ஸ் மின்ட்டில் தமிழில் அடிக்க ஐபஸ் என்ற கருவியைத் தேர்ந்து, எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, பிறகு விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏன்? மின்ட்டைத் திறந்ததும் ஒரு வரவேற்புத் திரை வரும். அதில் முதல் வேலைகளை வரிசையாகச் சொல்லித் தருவார்கள். அங்கேயே "தமிழில் எழுத" என்று ஒரு பொத்தான் போதும். அழுத்தினால் 1999-ல் அரசு அறிவித்த தமிழ்99 முறையும், செல்போனில் பழகிய ஒலிப்பு முறையும் இரண்டும் வந்துவிட வேண்டும்.

இரண்டாவது, பழைய கோப்புகள். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வருடக்கணக்காக வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். "கோப்பே கெட்டுப்போச்சு" என்று பயந்து மறுபடி விண்டோஸுக்கே ஓடுகிறார்கள். "இது பழைய எழுத்துரு, யூனிகோடுக்கு மாற்றட்டுமா?" என்று கணினியே கேட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மூன்றாவது, பட்டியலில் வரும் சொற்கள். கோப்பு, கோப்புறை, அமைப்புகள் என்று தமிழில் வருவது சந்தோஷம். ஆனால் கடைக்காரரும் யூடியூபும் பைல், போல்டர், செட்டிங்ஸ் என்கிறார்கள். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் முழிக்கிறது. தமிழ்ச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் ஆங்கிலச் சொல் சின்னதாகத் தெரியட்டும். பாடப்புத்தகச் சொற்களையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்கட்டும்.

நான்காவது, இணையம் இல்லாமல் படிக்க உதவி. சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடு என்பது, வீட்டில் இணைப்பு இருப்பவர்களுக்குச் சொல்லும் யோசனை. பிரிண்டர் இணைப்பது, பென்டிரைவைப் பத்திரமாக எடுப்பது, படத்தைப் பி.டி.எப். ஆக்குவது போன்றவற்றுக்குத் தமிழில் பத்துப் பக்க உதவிப் புத்தகம் கணினிக்குள்ளேயே இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது, மனுஷத் துணை. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் பாடம். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதில்தான். 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இன்றைய கைட் நிறுவனம், முதலில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பிறகு லிட்டில் கைட்ஸ் என்று பள்ளிக்குப் பள்ளி மாணவர் குழுவே அமைத்தது. அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தது, அவ்வளவுதான். நம் பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்திலும் உபுண்டு பற்றிப் பாடம் இருக்கிறது. படித்ததைத் தொட்டுப் பார்க்க வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் அந்தப் பாடம் மனதில் நிற்கும்.

பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். வெறும் யோசனையாக எழுதி அனுப்பினாலும் சரி, செய்தே கொடுத்தாலும் சரி, வாங்கிக்கொள்வார்கள். வரவேற்புத் திரையில் ஒரு தமிழ்ப் பொத்தான் உங்களுக்கு இரண்டு சனிக்கிழமை வேலைதானே!

ஊரில் இருப்பவர்கள் பரணில் இருப்பதை இறக்கித் துடைத்துக் கொண்டு வாருங்கள். ஏற்றித் தருகிறேன். உங்களுக்கு வேண்டாம் என்றால் தேவைப்படும் பிள்ளைக்குப் போகட்டும். உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள். பெட்டி இருக்கிறது, சார்ஜர் இல்லை என்றுதான் நிறையப் பேர் வருகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சங்கரன்கோவில்.