நைல் நதிக்கரையின் முகம்

சிறைச்சாலை, கல்லறைத் தோட்டம், நூற்பாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குலகம் இந்த மூன்றுக்கும் ஒரே முகத்தைப் பொருத்திப் பார்த்தது. உள்நோக்கிச் சாயும் தடித்த சுவர், செடிகளின் வடிவில் தலைவிரிக்கும் தூண், வாசலுக்கு மேலே இறக்கை விரித்த சூரியன். நைல் நதிக்கரைக் கோயில்களின் முகம் அது. இந்தக் கட்டடங்களின் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். ஒரு மண்ணின் வடிவம் இன்னொரு மண்ணில் எப்போது வேர் பிடிக்கிறது, எப்போது வெறும் ஒப்பனையாக நின்றுவிடுகிறது என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

எகிப்தின் மீதான ஆசை ஐரோப்பாவில் பழையது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரோமில் செஸ்டியஸ் என்பவருக்குப் பிரமிடு வடிவில் சமாதி எழுந்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த ஆசை வெள்ளமாகப் பெருகியது 1798இல் நெப்போலியன் படையோடு அறிஞர்களையும் எகிப்துக்கு அழைத்துப் போன பிறகுதான். படையெடுப்பு தோற்றது. அறிஞர்கள் வெயிலில் நின்று அளந்து வரைந்த படங்கள் வென்றன. அந்த அறிஞர்களில் ஒருவரான விவாந் தெனோனின் பயண நூல் 1802இல் வந்தது; 1809 முதல் எகிப்தைப் பற்றிய பெருந்தொகுதிகள் வரத் தொடங்கின. கட்டடக் கலைஞர்கள் கோயில்களைப் பார்க்காமலே அவற்றின் அளவுகளைக் கையில் வைத்திருந்தார்கள்.

நியூயார்க்கில் 1838இல் ஜான் ஹாவிலண்ட் ஒரு சிறையையும் நீதிமன்றத்தையும் எகிப்திய பாணியில் கட்டினார். மக்கள் அதைக் 'கல்லறைகள்' என்றே அழைத்தார்கள். அந்தக் கல்லின் கனம் பார்ப்பவரை அச்சுறுத்துவதற்காகவே அங்கே வந்தது. ஒரு குளத்தைத் தூர்த்த சதுப்பு நிலம் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. கட்டடம் விரைவிலேயே அமிழத் தொடங்கியது. 1902இல் அதை இடித்து முடித்தார்கள். எகிப்தியர் அப்படிப்பட்ட சுவர்களைத் தெய்வங்களுக்காக எழுப்பினார்கள். கைதியை நடுங்கவைக்க அவற்றை எடுத்தாண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நியூ ஹேவன் நகரின் குரோவ் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு 1840களில் ஹென்றி ஆஸ்டின் வடிவமைத்த வாயில் வேறு வகை. மரணத்தோடு வாழ்வு முடிவதில்லை என்று நம்பியவர்களின் வடிவம், அதே நம்பிக்கை கொண்ட வேறொரு சமயத்தாரின் வாசலுக்கு வந்தது. அங்கே அது பொருந்தி நிற்கிறது.

என் மனம் அதிகம் நிற்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். மார்ஷல் குடும்பத்தார் 1830களின் பிற்பகுதியில் அங்கே எழுப்பிய 'டெம்பிள் ஒர்க்ஸ்' ஆலை, ஆளிச் செடியின் நாரிலிருந்து லினன் நூல் நூற்றது. முகப்பு முழுக்க எகிப்தியக் கோயில். அதன் வடிவமைப்போடு சேர்த்துச் சொல்லப்படும் ஜோசப் பொனோமி எகிப்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி வரைந்தவர். மம்மிகளைச் சுற்றிய துணியும் இதே ஆளி நாரில் நெய்த லினன்தான் என்பதை நினைத்தால், அந்த முகம் அங்கே அந்நியமாகத் தெரியாது.

முகப்புக்குப் பின்னால்தான் உண்மையான வியப்பு. ஈரம் குறைந்தால் நூல் அறும். ஆகவே பரந்த நூற்புக் கூடத்தின் கூரைமேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லை ஆடுகள் மேய்ந்தன. கூரையில் வரிசையாக அமைத்த கண்ணாடிக் கூம்புகள் வழியே வெளிச்சம் இறங்கியது. உள்ளீடற்ற இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கியதோடு மழைநீரையும் கீழே கொண்டுசென்றன. எந்தப் பார்வோனும் கண்டிராத கட்டடம் இது. முகத்தைக் கடன் வாங்கியவர்கள் உடலைத் தாங்களே சிந்தித்து உருவாக்கினார்கள்.

வடிவத்தைக் கடன் வாங்குவது பழியல்ல. எதற்காக வாங்குகிறோம் என்பதில்தான் அதன் தகுதி இருக்கிறது. அச்சுறுத்தலுக்காக வாங்கியது அமிழ்ந்தது. தேவையும் தொழிலும் சேர்ந்து கேட்டபோது புதிதாக ஒன்று பிறந்தது. ஆனாலும் லீட்ஸ் ஆலையின் முகப்புத் தூண் ஒன்று 2008இல் இடிந்தது. பிரிட்டனின் உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருந்தும் அதற்கு அந்த நிலை. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்க்கும் கைகளும், உள்ளே மறுபடி நடக்கும் வேலையும்தான் அதைக் காக்கும்.