லென்ஸைச் சுற்றித்தான் கமரா

பிராங்க்ஃபர்ட்டில் மைன் ஆற்றின் கிழக்குப் பக்கப் பாலங்களில் நின்று மேற்கே பார்த்தால், 259 மீட்டர் கொமர்ஸ்பாங்க் கோபுரம், 200 மீட்டர் மைன் டவர், பழைய தேவாலயத்தின் 95 மீட்டர் கோபுரம் எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். வைட் லென்ஸ் போட்டால் ஒரே படத்தில் அடங்காதா என்று பழக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அடங்கும். ஆனால் கோபுரங்கள் தீப்பெட்டியளவு சிறுத்துப்போகும். மீதியெல்லாம் வானமும் தண்ணீரும்தான்.

அதனால் 50 மி.மீ. லென்ஸ், கமராவை நிமிர்த்தி. ஃபுல் ஃபிரேமில் ஒரு படம் 27 பாகை அகலம் பிடிக்கும். பிறகு ஒட்டி ஒரே நீண்ட படமாக்க, அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஆகவே 18 பாகைக்கு ஒருதரம் திருப்பினால் நாலு படத்தில் 81 பாகை. முக்காலியின் தலையை ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்; கமராவை மட்டும் மட்டமாக்கினால் திருப்பத் திருப்ப அடிவானம் சரியும். ஃபோகஸ், அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ் ஐந்தையும் கையால் பூட்டுங்கள். அந்தியில் சூரியன் கோபுரங்களின் பக்கம் இறங்குவதால், வரிசையிலேயே வெளிச்சம் கூடிய படத்துக்கு அளவெடுங்கள். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், நீண்ட படத்தில் வானம் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

எனக்குத் தொழில் காட்டிய அண்ணை பிலிம் காலத்தவர். பிரிண்டுகளை பிளேடால் வெட்டி, மூட்டுத் தெரியாமல் ஒட்டுவார். கம்பிவேலி ஓரம் நான் நின்றபோது என் தோளைப் பிடித்து, "தம்பி, கமரா லென்ஸைச் சுற்ற வேணும், லென்ஸ் கமராவைச் சுற்றக் கூடாது" என்றார். நோடல் பாயின்ட் என்று சொல்லும் சுழல்புள்ளியின் விஷயம் முழுவதும் அதுதான். கிட்டக் கம்பி ஒன்றையும் தூரக் கோபுரம் ஒன்றையும் ஒரே கோட்டில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பி விலகினால், கமராவுக்கு அடியில் பூட்டும் தண்டவாளத் தட்டில் அதைச் சற்றுப் பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்துங்கள். விலகாத இடம் கிடைக்கும்வரை அவர் ஷட்டரைத் தொடவிடமாட்டார். அந்தப் பொறுமையைத்தான் நானும் பிள்ளைகளிடம் கேட்கிறேன்.

தொடக்கக்காரருக்கு லோர்பெர்க் குன்று நல்லது. நகர எல்லைக்குள்ளேயே திராட்சை விளையும் சரிவு. கொடிகளைக் கீழ்விளிம்புக்கு வெளியே விட்டுவிட்டால், மற்றதெல்லாம் தூரத்தில்தான்; கையில் பிடித்தே எடுக்கலாம்.

ஆற்றோரம் எடுக்கும்போது கப்பல் வந்தால் அது ஒரு படத்தின் நடுவில் இருக்கும்போது எடுங்கள். மூட்டில் விழுந்தால் பாதிக் கப்பல்தான் மிஞ்சும். டொய்ச்ஹெர்ன் பாலத்தில் ரயிலும் ஓடுகிறது. வண்டி போய் நடுக்கம் அடங்கும்வரை நிற்க வேண்டும். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளங்கையைக் காட்டி ஒரு படம் எடுத்துவையுங்கள், வீட்டில் பிரிப்பது சுலபம்.

முதன்முதலில் 1868-69இல் கட்டிய ஐசர்னர் ஸ்டேக் இரும்புப் பாலத்தை நேரெதிரே நின்று எடுத்தால், உருளை முறையில் ஒட்டும்போது அதன் நேர்கோடு வளையும். 90 பாகைக்குள் அடக்கி, நேர்கோட்டு முறையில் ஒட்டுங்கள். மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு எடுத்திருந்தால் ஓரத்தை வெட்டும்போது எந்தக் கோபுரத்தின் தலையும் போகாது.